கோடையில் வீட்டுக் காய்கறித் தோட்டம்

மார்கழி, தை மாதங்களில் நமது கிராமங்களில் எந்த வீட்டின் கொல்லைப்புறத்திற்குச் சென்றாலும் அவரைப் பந்தல் ஒன்றும், கத்தரிச் செடிகள் சிலவும், கீரைப்பாத்தி ஒன்றும் கண்ணிற்படும். அதே கொல்லைகளைச் சித்திரை மாதக் கடைசியில் சென்று பார்ப்போமாயின், வெடித்த தரையும், காய்ந்த பந்தற்கால்களும், ஆடு கடித்துவிட்ட கத்தரிக் கட்டைகளுமே மிஞ்சியிருக்கும். காரணம் கேட்டால், "இந்த வெயிலுக்கு எதுதான் நிற்கும்?" என்பார்கள். இது பாதி உண்மையே. வெயிலினால் அழியும் தோட்டங்களைக் காட்டிலும், கோடைக்கு முன்பே அளவைக் குறைத்துக்கொள்ளாமையால் அழியும் தோட்டங்கள் அதிகம். மூன்று சென்ட் நிலத்துக்கு அரைகுறையாய் ஜலம் விட்டு மூன்றையும் இழப்பதைவிட, அரை சென்டை முழுதும் காப்பாற்றுவது மேலென்பதே இவ்வியாசத்தில் சொல்ல வந்த விஷயம். சங்க அங்கத்தினர்கள் இதனை மாசி மாதத்திலேயே யோசித்து முடிவு செய்துகொள்ள வேண்டும். அக்கினி நட்சத்திரம் பிறந்தபின் யோசித்துப் பிரயோஜனமில்லை.

கோடையில் இரண்டு மூன்று மாதம் தோட்டம் இல்லாவிட்டால் என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கக்கூடும். கடையில் காய்கறி விலை ஏறுவதும், கீரை அகப்படாமற்போவதும் இக்காலத்தில்தான். குன்னூர் ஆகார ஆராய்ச்சிசாலையில் முதலில் ராபர்ட் மக்காரிசன் அவர்களும், 1935 முதல் வாலஸ் அய்க்ராய்ட் அவர்களும் நம் ஜனங்களின் ஆகாரத்தைப்பற்றி விரிவாக ஆராய்ந்தனர். அய்க்ராய்ட் அவர்கள் 1937-ல் வெளியிட்ட சிறு புத்தகத்தில், வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 அவுன்ஸ் கீரையும், 6 அவுன்ஸ் மற்றக் காய்கறிகளும் வேண்டுமென்று திட்டம் காட்டப்பட்டது. அரிசியும் புளிக்குழம்பும் மாத்திரம் உண்ணும் குழந்தைகளுக்கு ஏ என்னும் ஜீவசத்து குறைந்து, அந்தி நேரத்தில் கண் தெரியாமற்போகும் மாலைக்கண் நோய் வருகின்றது. அதற்கு அதிகச் செலவில்லாத மருந்து முருங்கைக்கீரையும், தண்டுக்கீரையும், அகத்திக்கீரையுமேயாகும். பங்குனி முதல் ஆனி வரையில் இவை வீட்டில் இல்லையென்றால், வருஷத்தில் மூன்றிலொரு பாகம் குழந்தைகள் இச்சத்தில்லாமலே வளர்கிறார்கள் என்று அர்த்தம்.

குடக் கணக்கு

சமவெளி ஜில்லாக்களில் சித்திரை, வைகாசி மாதங்களில் நன்றாய் இலை மூடி வளர்ந்த பயிரும் அதன் தரையும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் கால் அங்குல உயரமுள்ள ஜலத்தை ஆவியாகப் போக்கிவிடுகின்றன. கால் அங்குலந்தானே என்று தோன்றும். ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 436 சதுர அடி. அதன்மேல் கால் அங்குல ஜலம் என்றால் 9 கன அடி, அதாவது சுமார் 257 லிட்டர். பதினைந்து லிட்டர் பிடிக்கும் குடத்தால் அளந்தால் 17 குடமாகிறது. மார்கழியில் மூன்று சென்டில் தோட்டம் போட்டிருந்த குடும்பத்தார் அதனை அப்படியே கோடையிலும் நடத்தவேண்டுமானால், தினந்தோறும் 51 குடம் ஊற்ற வேண்டும். இதை யார் சுமப்பது? ஆடவர் தோட்டம் போடுவதைப்பற்றிப் பேசுகின்றனர். குடம் சுமப்பதோ பெரும்பாலும் பெண்டிர். கிணற்றில் கயிறு நீளநீள அவர்களுடைய வேலையும் நீளுகிறது. ஆகையால், சித்திரையில் தோட்டம் கைவிடப்படுவது சோம்பலாலன்று. அளவுக்கு மிஞ்சிய சுமையை அவர்கள் நியாயமாகவே இறக்கி வைத்துவிடுகிறார்கள்.

பம்ப் வைத்து இறைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேண்டாமென்று நினைக்க வேண்டாம். பம்புக்குக் குடக் கணக்கு தெரியாவிட்டாலும், கிணற்றுக்குத் தெரியும்.

இனி, வீட்டிற்குள்ளேயே கிடைக்கும் ஜலத்தைப் பார்ப்போம். ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு ஒரு குடம் குளிக்க ஆகிறது என்று கொள்வோம். பாத்திரம் துலக்க இரண்டு குடம். அரிசி களைந்த கழுநீர் மாட்டுக்குப் போய்விடும், அதை விட்டுவிடுவோம். ஆக மிஞ்சுவது 7 குடம். இது புதிதாய்ச் சுமக்க வேண்டாத ஜலம், ஏற்கெனவே சுமந்தாகிவிட்டது. ஒரு சென்டுக்கு 17 குடமென்றால், 7 குடம் 180 சதுர அடிக்குத்தான் போதும். ஆனால் தரையை மூடி வைத்து, மேற்கு வெயிலையும் தடுத்தால், அதே 7 குடத்தைக்கொண்டு அரை சென்ட் வரையில் காப்பாற்றலாம். ஏழடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள பாத்திகளாய்ப் பிரித்தால் பத்துப் பாத்தி கிடைக்கும். இதுவே ஒரு குடும்பத்தின் கோடைத் தோட்டத்துக்கு ஏற்ற அளவு. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் இரண்டு நாள் குடத்தை எண்ணிப் பார்த்து, அதற்குத் தக்கபடி பாத்திகளை வைத்துக்கொள்ளலாம். மற்ற இடத்தைச் சங்கடப்படாமல் தரிசாய் விடுங்கள். கோடை உழவு போட்டுக் காயவிட்டால் களையும் புழுவும் ஒடுங்கும்.

முற்காலத்தில் சீயக்காயும், அரப்பும், சாம்பலும் கலந்த ஜலம் கொல்லைக்குப் போயிற்று. இக்காலத்துச் சோப்பும் சலவைத்தூளும் கலந்த ஜலத்தில் ஸோடியம் என்னும் உப்புச்சத்து உண்டு. அது ஒரே இடத்தில் நாட்கணக்காய் விழுந்தால் மண் இறுகி, ஜலம் இறங்காமற்போகும். ஆகவே துணி துவைத்த ஜலத்தை வாழைக்கும் கல்வாழைக்கும் விட்டு, குளித்த ஜலத்தைப் பந்தற்கொடிகளின் குழிகளுக்கு முறை மாற்றி விடுவது நலம். கீரைப்பாத்திக்குப் பாத்திரம் அலசின கடைசி ஜலமோ, நல்ல ஜலமோ விடவேண்டும். எந்தக் கழிவு ஜலத்தையும் தொட்டியில் இரண்டு நாள் வைத்திருக்கலாகாது. நாற்றமும் கொசுவும் உண்டாகும்.

ஜலம் விடும் நேரம், காலையில் வெயில் ஏறுமுன் அல்லது மாலை ஐந்து மணிக்குப்பின். நடுப்பகலில் புடல், சுரை, பூசணி இவற்றின் அகன்ற இலைகள் வாடித் தொங்குவதைக் கண்டு இரக்கப்பட்டு உடனே ஜலம் ஊற்றுவோர் பலர். வேரில் ஈரமிருந்தாலும் இலை அந்நேரத்தில் தொங்கத்தான் செய்யும். சாயங்காலம் தானே நிமிர்ந்துவிடும். மறுநாள் விடியற்காலையிலும் வாடியிருந்தால் மாத்திரமே அது உண்மையான தாகம். சந்தேகமிருப்பின், விரலால் மூன்று அங்குலம் தோண்டி மண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். பிடித்தபடி உருண்டையாய் நின்றால் அன்றைக்கு ஜலம் வேண்டாம்.

கீரைக்கு வேர் மேலேயே இருப்பதால் தினமும் கொஞ்சம் விடவேண்டும். கத்தரி, வெண்டை, கொடிவகைகளுக்கு அப்படியன்று. தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே படர்ந்து, ஒரு நாள் தவறினாலும் செடி துவண்டு போகும். இரண்டு நாளைக்கு ஒரு முறை வேரடியில் நன்றாய் இறங்கும்படி ஊற்றினால் வேர் ஜலத்தைத் தேடிக் கீழே செல்லும். அப்பழக்கத்தைச் செடிக்கு மாசியிலேயே உண்டாக்க வேண்டும். சித்திரையில் உண்டாக்க இயலாது.

கொடிக்குழிகளில் பானை புதைப்பது மிகவும் பயனுள்ள முறை. மெருகிடாத புது மண்பானை, ஐந்து ஆறு லிட்டர் பிடிப்பது, கழுத்துவரை மண்ணில் புதைத்து, ஜலம் நிரப்பி, வாயைச் சிரட்டையாலோ ஓட்டினாலோ மூடிவிட வேண்டும். பானையின் உடல் வழியாய் ஜலம் மெல்லக் கசிந்து வேரைச் சேரும். சுற்றிலும் நட்ட மூன்று நான்கு கொடிகள் பானையை வேரால் கட்டிப்பிடித்து வளரும். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை நிரப்பினால் போதும். சீன தேசத்தில் கி.மு. முதல் நூற்றாண்டில் பான் ஷெங்ஸி என்பவர் எழுதிய விவசாய நூலில் இம்முறை சொல்லப்பட்டிருக்கிறது. ஆகையால் இதைப் புதுமை என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. உப்பு ஜலம் விடும் இடங்களில் பானையின் நுண்துவாரங்கள் அடைபட்டுப் போகும். அப்போது எடுத்துத் தேய்த்துக் கழுவிப் புதைக்கலாம், அல்லது வேறு பானை மாற்றலாம்.

கிணறு வற்ற வற்றச் சில ஊர்களில் ஜலம் உவர்ப்பாகும். இலையின் ஓரம் கருகுவது அதன் அடையாளம். அந்த ஜலத்தை இலைமேல் படும்படி தெளிக்கலாகாது. அடியில் மாத்திரம் ஊற்ற வேண்டும். அவரை இனங்கள் உவர்ப்பைத் தாங்கா. பருப்புக்கீரை மிக நன்றாய்த் தாங்கும். உவர்நிலத்தார் இக்கீரையைக் களையென்று பிடுங்கி எறிவது வருந்தத்தக்கது.

மூடாக்கும் நிழலும்

வெறுந்தரை வெயிலில் கிடப்பது திறந்த பானையில் ஜலம் வைத்ததற்கு ஒப்பாகும். தரையின்மேல் இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்குச் சருகு பரப்பிவிட்டால் ஈரம் தங்கும், மண்ணின் உஷ்ணம் தணியும், களையும் குறையும். இதற்கு வைக்கோல் போடும்படி பல புத்தகங்களில் எழுதியிருக்கும். நமது கிராமங்களில் இது சரிப்படாது. கோடையில் மாட்டுக்கே வைக்கோல் போதாமலிருக்கும்போது அதைத் தோட்டத்தில் பரப்பச் சொல்வது, ஒரு வயிற்றைப் பறித்து மறு வயிற்றை நிரப்புவதாகும். பகவான் அதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்: மாசி, பங்குனி மாதங்களில் வேப்பமரம் இலையுதிர்க்கின்றது; புங்கமரமும் அக்காலத்தில்தான். தெருவில் பெருக்கித் தீயிடும் அச்சருகே தோட்டத்துக்குப் போதுமானது. இவ்விருவகை இலைகளையும் கறையான் அவ்வளவாக நாடுவதில்லை என்பது மற்றொரு சௌகரியம். கரும்புத் தோகையும், நிலக்கடலைத் தோலும், தென்னந்தும்பும் அகப்படும் இடங்களில் அவற்றையும் உபயோகிக்கலாம். ஆனால் செம்மண் பூமியில் உலர்ந்த தோகைக்குக் கறையான் நிச்சயமாய் வரும். வாரம் ஒரு முறை புரட்டிப் பார்க்க வேண்டும். எதைப் பரப்பினாலும் தண்டைத் தொடாதபடி நான்கு விரற்கடை விட்டுப் பரப்புக. தண்டைச் சுற்றி ஈரச்சருகு ஒட்டியிருந்தால் அழுகல் வரும்.

சருகு பரப்புமுன் களைக்கொத்தினால் மேல்மண்ணை ஓர் அங்குலம் கிளறிவிடுவது அவசியம். ஜலம் விட்டு ஆடை கட்டின மண்ணில் வெடிப்பு விழுந்து, அதன் வழியாய் ஈரம் வெளியேறும். கிளறின புழுதியே ஒரு மூடாக்காகும். சருகு கிடைக்காதவர்கள் இதையாவது ஒவ்வொரு பாய்ச்சலுக்குப் பின்னும் தவறாமல் செய்யட்டும்.

தென்னை உள்ள இடங்களில் தேங்காய் மட்டையைப் பாத்தியின் அடியில் ஓரடி ஆழத்தில், குழிந்த பக்கம் மேலாக அடுக்கி மண் மூடினால், அது பஞ்சுபோல் ஜலத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். இது பயிரிடுமுன் செய்யவேண்டிய வேலை.

நிழலைப்பற்றிச் சொல்லுமிடத்து, நம்மவர்களில் வெற்றிலைக் கொடிக்கால் வைப்பவர்களை விடச் சிறந்த ஆசிரியர் வேறில்லை. அவர்கள் வெற்றிலைக்கு முன் அகத்தியை விதைத்து, அது எழும்பினபின் அதன் நிழலில் கொடியை ஏற்றுவர். வீட்டுத் தோட்டத்திலும் மேற்கு ஓரத்தில் ஒரு வரிசை அகத்தியோ சித்தகத்தியோ மார்கழியிலேயே விதைத்துவிட்டால், சித்திரையில் பிற்பகல் வெயில் பாத்திகளின்மேல் நேராய் விழாது. வீட்டுக்குக் கீரையும், ஆட்டுக்குத் தழையும் கிடைக்கும். காலை வெயிலைத் தடுக்கலாகாது. அது பயிருக்கு வேண்டியது. அகத்தி விதைக்கத் தவறினவர்கள் தென்னங்கீற்றைச் சாய்த்துக் கட்டலாம். புடலோ பாகலோ ஏறின பந்தலே கீழே உள்ள கீரைக்குப் போதுமான குடையாகும். ஒரே ஜலம் மேலும் கீழும் இரண்டு பயிருக்கு உதவுவது இம்முறையில்தான்.

வைத்துக்கொள்வனவும் விட்டுவிடுவனவும்

சிறு தோட்டமென்று தீர்மானித்தபின், அதில் எதை வைப்பது என்பது கேள்வி. தக்காளியை இக்காலத்தில் நம்பலாகாது. செடி தழைத்திருக்கும், பூவும் பூக்கும். ஆனால் பகல் உஷ்ணம் 95 டிகிரிக்கு மேலும், இரவு உஷ்ணம் 75 டிகிரிக்கு மேலும் இருக்கும் நாட்களில் மகரந்தம் வீரியமிழந்து பூ உதிர்ந்துவிடும். வேலூர், திருச்சி, மதுரைப் பக்கங்களில் 104 டிகிரியைத் தொடும் மாதங்களில் அதற்கு ஊற்றும் குடமெல்லாம் இலைக்கே போகும். இருக்கும் பழத்தைப் பறித்துக்கொண்டு பங்குனிக் கடைசியில் பிடுங்கிவிடுவதே புத்தி. அவரை ஏற்கெனவே காய்த்து ஓய்ந்திருக்கும், அதையும் எடுத்துவிடலாம்.

கத்தரியைப் பிடுங்க வேண்டாம். காய்ப்பு ஓய்ந்த செடியைப் பங்குனியில் தரைக்குமேல் முக்கால் அடி விட்டு வெட்டி, அடியில் மக்கின எருவிட்டு மூடாக்கிட்டால், கோடை மழை ஒன்றிரண்டு விழுந்தவுடன் மறுபடி துளிர்த்துக் காய்க்கும். இலையில்லாத கட்டைக்கு ஜலமும் சொற்பமே வேண்டும்.

கோடையை விரும்பும் பயிர்கள் வெண்டையும் கொத்தவரையும். வெண்டை விதையை ஒரு இரவு ஊறவைத்து ஊன்ற வேண்டும். கொத்தவரை வறட்சியை மிகவும் தாங்குவது. ஜலத்துக்கு மிகவும் கஷ்டமுள்ள வீட்டார் இது ஒன்றையாவது போடலாம். தண்டுக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை இவை உஷ்ணத்தில் வேகமாய் வளர்பவை. முளைக்கீரையை மூன்று நான்கு வாரத்தில் பிடுங்கலாமாதலால், பாத்தியை மூன்றாகப் பிரித்து பத்து நாளைக்கொரு பாகமாய் விதைத்தால் வீட்டில் கீரை ஓயாது. விதையை மணலோடு கலந்து தூவி, முளைக்கும்வரை ஈரச்சாக்கால் மூடி வைக்க வேண்டும். முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட மறக்கலாகாது. எறும்பு விதையைச் சுமந்து போகாதபடி பாத்தியின் ஓரத்தில் நொய்யரிசி சிறிது தூவிவைக்கும் வழக்கம் உண்டு. எறும்பு அதை எடுத்துக்கொண்டு நம்மை மன்னித்துவிடும்.

புடல், பாகல், பீர்க்கு, சுரை இவற்றை ஒன்றரை அடி ஆழ, அகலக் குழிகளில் மக்கின தொழு எருவும் மேல்மண்ணும் நிரப்பித் தை, மாசியில் ஊன்றியிருக்க வேண்டும். அப்போதுதான் சித்திரை வெயிலுக்குமுன் பந்தல் மூடும். பச்சைச் சாணத்தைக் குழியிலிட்டால் அது சூடு கிளப்பி வேரைக் கெடுக்கும், கறையானையும் அழைக்கும். கோடையில் உப்பு உரங்களையும் பிண்ணாக்கையும் ஈரம் குறைந்த மண்ணில் இடுவது செடியைக் கருக்குவதற்கே வழி.

முருங்கையைப்பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஜலம் கேளாமல் கோடையிலேயே காயும் கீரையும் தருவது அதுவே. முருங்கையில்லாத அங்கத்தினர் வீடு ஒன்றேனும் நமது சங்கத்தில் இருக்கலாகாது.

பூவும் பிஞ்சும்

கொடிகள் பூத்துக் குலுங்கியும் பிஞ்சு நிற்கவில்லை என்பது வைகாசியில் எல்லோருடைய முறையீடு. நீண்ட பகலும் கடும் உஷ்ணமும் உள்ள காலத்தில் இக்கொடிகளில் ஆண்பூ மிகுந்து பெண்பூ குறையும். பூவின் அடியில் சிறு காய்போல் பருத்திருப்பது பெண்பூ, வெறுங்காம்பாயிருப்பது ஆண்பூ. வண்டும் தேனீயும் உச்சி வெயிலில் வெளிவருவதில்லையாதலால், நாமே மகரந்தம் சேர்க்கலாம். ஆண்பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் பொடி ஒட்டும்படி பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவ வேண்டும். இங்கே நேரம் முக்கியம். பூசணி, பாகல், வெள்ளரி இவை விடியற்காலையில் மலரும். இவற்றுக்குக் காலை ஒன்பது மணிக்குள் செய்தாக வேண்டும். சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்வன. புடல் இருட்டினபின் மலரும். சுரைப்பூவுக்குக் காலையில் தடவிவிட்டுப் பலனில்லையென்று சொல்பவர், பூ வாடின பிறகு தடவினவரேயாவர். இதைச் சிறுவர்களிடம் ஒப்புவித்தால் மிகுந்த ஊக்கத்தோடு செய்வார்கள்.

வெள்ளரி கசப்பதற்கும், தக்காளி, கத்தரிக் காய்கள் நுனி கறுத்து அழுகுவதற்கும் பெரும்பாலும் காரணம் நான்கு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாய் விடுவதே. கொஞ்சமாயினும் ஒழுங்காய் விடுக.

பூச்சிகள்

வெண்டை, கத்தரி இலைகளின் அடியில் சிவந்த நுண்பூச்சி சேர்ந்து, இலை வெளிறிப் புள்ளி விழுந்து, மெல்லிய நூல் கட்டினாற்போலிருப்பது வறண்ட வெயிற்காலத்து வியாதி. இலையின் அடிப்புறத்தில் ஜலத்தை வேகமாய்ப் பீச்சினால் பெரும்பகுதி கழுவுண்டு போகும். வெண்டை இலையின் நரம்புகள் மஞ்சளாக மாறினால், அது வெள்ளை ஈயால் பரவும் நோய், மருந்தில்லை. கண்டவுடன் அச்செடியைப் பிடுங்கிப் புதைத்துவிட வேண்டும். காய்க்கும் செடியாயிற்றே என்று தயங்கினால் பாத்தி முழுவதும் போய்விடும். பூசணி, வெள்ளரி நாற்றின் வித்திலையைத் தின்னும் செவ்வண்டு விடியற்காலையில் மந்தமாயிருக்கும். கையால் பிடித்து நசுக்கலாம். இலைமேல் சாம்பல் தூவலாம். கோடைமழை பெய்தபின் பாகல், பீர்க்கங்காய்களைப் பழ ஈ குத்தும். குத்தின காயைக் குப்பையில் எறியாமல் இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். இளம்பிஞ்சுகளைக் காகிதப் பையால் மூடலாம்.

முற்காலத்துப் பிரசுரங்கள் புகையிலைக் கஷாயத்தைச் சிபாரிசு செய்தன. அதிலுள்ள நிகோடின் தோலின் வழியாகவும் உடம்பில் ஏறும் விஷம். அடுத்த வாரம் சமைக்கப்போகும் கீரைக்கு அதை அடிப்பது தகாது. வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடித்து, 1 லிட்டர் ஜலத்தில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிப்பது மேல். பகலில் தெளித்தால் வெயிலில் அதன் சாரம் கெட்டுவிடும். வேப்பங்கொட்டை ஆனி, ஆடியில் உதிர்வதாதலால், இக்கோடைக்கு வேண்டியதைச் சென்ற வருஷமே பொறுக்கி நிழலில் உலர்த்தி வைத்திருக்க வேண்டும். வேண்டும்போது தேடினால் கிடையாது.

சங்கம் செய்யக்கூடியது

1904-ம் வருஷத்துச் சட்டம் கடன் கொடுக்கும் சங்கங்களுக்கு மாத்திரமே இடந்தந்தது. அவ்வருஷத்திலேயே செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் நமது ராஜதானியின் முதற் கிராமச் சங்கம் பதிவாயிற்று. 1912-ம் வருஷத்துச் சட்டமே கடன் ஒழிந்த மற்றக் காரியங்களுக்கும் சங்கம் சேரலாமென்று வழி திறந்தது. ஆயினும் ரூபாயைக் கடன் கொடுப்பது சங்கத்தின் வேலையென்றும், விதையைக் கடன் கொடுப்பது அதன் வேலையன்றென்றும் எண்ணுவோர் இன்றும் உளர். கோடைத் தோட்டத்திற்கு ரூபாயைவிட விதையே அவசரமாய் வேண்டியிருக்கிறது. பத்துப் பாத்திக்கு வேண்டிய விதை ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடி சரியான வாரத்தில் கிடைக்காமையால் பருவம் தவறிப்போகிறது.

ஆகையால் ஒவ்வொரு சங்கத்திலும் விதைப்பானைகள் சில வைத்துக்கொள்ளலாம். நல்ல தண்டுக்கீரைச் செடி ஒன்றை முற்ற விட்டால் அதில் விளையும் ஆயிரக்கணக்கான விதை பல வீடுகளுக்குப் போதும். கொத்தவரையும் இப்படியே எளிது. கொடி இனங்களில் இரண்டு ஜாதி பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மகரந்தம் கலந்து விதை மாறிவிடும். ஊரில் ஒரே ஜாதிப் புடல் வைத்திருக்கும் தெருவிலிருந்து விதை எடுக்க வேண்டும். கடைகளில் விற்கும் ஒட்டுக்கலப்பு விதைகளிலிருந்து மறு விதை எடுத்தால் தாய்போல் வாராது. அவற்றைப் பானையில் சேர்க்க வேண்டாம். விதையை இளவெயிலில் உலர்த்தி, அடுப்புச் சாம்பலோடு கலந்து, பானையின் வாயைத் துணியிட்டு மண்பூசி, வீட்டின் குளிர்ந்த மூலையில் உறியில் தொங்கவிட வேண்டும். தகரக்கூரையின் கீழ் வைத்த விதை ஒரே கோடையில் முளைப்புத் திறன் இழக்கும். ஒரு பிடி வாங்கினவர் விளைந்தபின் ஒன்றரைப் பிடி திருப்புவதென்று ஏற்பாடு செய்துகொண்டால் பானை ஒருபோதும் காலியாகாது. யார் எந்த விதை வாங்கினார், எத்தனை முளைத்தது என்பதைச் சங்கக் கணக்கிலேயே ஒரு பத்தியில் எழுதி வைத்தால், எந்தப் பானையிலுள்ளதை நம்பலாமென்பது மறு வருஷம் தெரியும்.

பொதுக் கிணற்றில் ஜலம் குறையும்போது உண்டாகும் சச்சரவுகளையும் சங்கத்தார் முன்கூட்டியே யோசிப்பது நலம். குடிக்க முதலில், மாட்டுக்கு அடுத்து, தோட்டத்துக்குப் பிறகு என்ற வரிசையை யாரும் மறுப்பதில்லை. தோட்டத்துக்கு எத்தனை குடம் என்பதில்தான் வார்த்தை வளர்கிறது. கிணற்றடியில் கூடி, பெண்டிரையும் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு இத்தனை குடமென்று பங்குனியிலேயே பேசி முடித்துவிட்டால், வைகாசியில் கயிறு அறுபடாது.

ஆடிப் பட்டத்துக்குரிய கத்தரி நாற்றை வீட்டுக்கு வீடு விடுவதைவிட, ஜலவசதியுள்ள ஒரு கிணற்றருகே எல்லோருக்குமாகச் சேர்த்து விடுவது சிக்கனம். ஆனி முதல் வாரத்தில், கீற்று நிழலின்கீழ், மேட்டுப்பாத்தியில் விதைத்தால் ஆடி முதல் வாரத்தில் நாற்று பறிக்கத் தயாராகும். அதுவரையில் அப்பாத்திக்கு நாளொன்றுக்கு இரண்டு குடம் போதும். அவ்விரண்டு குடத்தை வாரத்துக்கொரு வீட்டார் முறை வைத்து ஊற்றலாம்.